நடவுக்கு நான் குறித்துக் கொடுத்த நாள்

நட்சத்திரம் பார்த்து நல்ல நாள் சொல்வதாக ஒருவரிடம் பொய் சொன்னேன். அவர் என் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். நான் சொன்ன நாளுக்காக நடவைத் தள்ளிப்போட்டார். எனக்கு நல்ல நாளும் தெரியாது, கெட்ட நாளும் தெரியாது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். ராகு காலத்தை வகுப்பில் கேலி செய்தே பெயர் வாங்கியவன். அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒரு புகைப்படம். அதற்காக அவருடைய வயலில் பயிர் இல்லாமல் தண்ணீர் மட்டும் இன்னும் சில நாள் நிற்க வேண்டியிருந்தது.

விண்வெளிப் படம் எடுப்பது ஓய்வுக்குப் பிறகு வந்த பழக்கம். தஞ்சாவூரில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பேருந்து நிலையத்து வெளிச்சத்தில் பாதி வானம் வெளுத்துக் கிடக்கும். பட்டுக்கோட்டை சாலையில் உள்ளே தள்ளி எனக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே போய் நின்றால் நகரத்து வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தெற்கு மட்டும் நல்ல இருட்டு. காரில் முக்காலியையும் கேமராவையும் போட்டுக்கொண்டு சாயங்காலம் போய், சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடுவேன்.

இந்த வேலையில் படம் எடுப்பதைவிடத் திட்டம் போடுவதுதான் அதிகம். எந்த மாதத்தில் எது எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் வரும், நிலா எப்போது தொந்தரவு செய்யாது என்று வருஷம் முழுவதற்கும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். வருவாய்த் துறைக்குப் பசலி இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு தனி ஆண்டுக்கணக்கு. தை, மாசியில் ஓரியன் நெபுலா சாயங்காலமே உச்சிக்கு வந்துவிடும். ஆனால் அப்போதுதான் சம்பா அறுவடை. அறுப்பு மெஷினின் விளக்கும் கொள்முதல் நிலையத்து விளக்கும் நெல் தூசியும் சேர்ந்து வானத்தைக் கலக்கிவிடும். பங்குனியில் வயல் காய்ந்து உளுந்துக் கொடி மட்டும் கிடக்கும். தெற்கே தாழ்வாகக் கரீனா நெபுலா. சித்திரையில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம். வைகாசி, ஆனியில் தேள் மண்டலம் முழுசாக எழுந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் கிடையாது, கேமராவைப் பூசணம் பிடிக்காமல் காப்பாற்றினால் போதும். மார்கழியில் பனி லென்ஸை நனைக்கும். இப்படி மாதத்துக்கு ஒன்று எழுதி வைத்திருந்தேன். இதில் ஆனிக்கு நேராக மட்டும் வருஷா வருஷம் ஒரே வரிதான் இருந்தது: தண்ணீரில் தென்சிலுவை.

தென்சிலுவை நம் ஊரிலிருந்து எப்போதும் தாழ்வாகத்தான் தெரியும். நாலு நட்சத்திரம், பக்கத்தில் வழிகாட்டிகள் என்று சொல்கிற இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். தாழ்வாக இருப்பதால் அசையாத தண்ணீர் முன்னால் இருந்தால் அப்படியே கீழேயும் விழும். வானத்தில் ஒன்று, வயலில் ஒன்று. அதை எடுக்க எனக்கு அப்படி ஓர் ஆசை. ஆனால் சிலுவை சாயங்கால வானத்தில் இருப்பது ஆனிக் கடைசி வரைதான்; ஆடியில் வெளிச்சம் போவதற்குள் அது சாய்ந்துவிடும். வயலில் தண்ணீர் வருவதோ மேட்டூர் திறந்த பிறகு. வந்த தண்ணீரில் சேறடித்து, பரம்படித்துச் சமன் செய்ததும் வயல் கண்ணாடி மாதிரி நிற்கும். அதற்குப் பிறகு ஓரிரு நாளில் நடவு விழுந்துவிடும். நாற்று நட்ட வயலில் நட்சத்திரம் விழாது. அந்த ஓரிரு நாளில் நிலா இருக்கக்கூடாது, மேகம் இருக்கக்கூடாது, காற்று அடிக்கக்கூடாது. எத்தனையோ வருஷம் ஏதாவது ஒன்று தவறிப்போனது. எனக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் அவர் குத்தகைக்கு வந்தார். அவருடைய அப்பாவும் அவரும் அதே வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள். முன்பு குத்தகை பார்த்தவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட, நிலத்தைத் தனக்குத் தரும்படி இவரே வந்து கேட்டார். கொடுத்தேன். குறுவைதான் முதல் போகம். சொந்தமாகப் பயிர் வைத்த முதல் ஆள் அவர்கள் குடும்பத்தில் அவர்தான். அந்த ஒரு போகம் விளைந்துவிட்டால் அவர் விவசாயி. இல்லாவிட்டால் மறுபடி கூலி. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கடைத்தெருவில் அவரை வேண்டுமென்றே "என்ன மிராசுதாரே" என்று கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "அறுப்புக்கு வாங்க, கூலி போட்டுக் குடுக்குறேன்" என்பாராம்.

வயல் தயாரானதும் வீட்டுக்கு வந்தார். புதன்கிழமை நடவு, ஆள் சொல்லியாயிற்று, நான் வந்து வரப்பில் நின்றால் போதும் என்றார். வாசலோடு சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். நாள் பார்க்கிற ஆளே இல்லை அவர். தினசரிக் காலண்டரில் மேல்நோக்கு நாள் என்று போட்டிருப்பதைக்கூட அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

அமாவாசைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் இருந்தது. நிலாத் தொந்தரவு இல்லை. முந்தின சாயங்காலம் போய்ப் பார்த்திருந்தேன். காற்று அடித்துத் தண்ணீர் முழுவதும் சுருக்கம். காற்று நிற்க இன்னும் சில நாள் கிடைத்தால் போதும். எனக்கு ஒரு படம் வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் யோசித்திருப்பார். நாற்றுக்கு வயது ஆகிறது சார் என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்க எனக்கு மனமில்லை.

"அமாவாசை கழியட்டும்," என்றேன். "வளர்பிறையில நடுங்க. இப்ப நாள் சரியில்ல."

"காலண்டர்ல புதன் நல்லாருக்குன்னு..."

"காலண்டர் ஊருக்கெல்லாம் பொதுவாப் போடுறது. நான் நேர்ல பாக்குறவன்."

சொல்லி முடித்ததும் எனக்கே காது சுட்டது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் அந்த வயலில் குழாய் மாதிரி ஒன்றை வானத்துக்குத் திருப்பிக்கொண்டு நின்றதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். "அதுவும் சரிதான் சார்," என்று போய்விட்டார்.

அமாவாசைக்கு மறுநாள் காற்று நின்றது. வெளிச்சம் போவதற்கு முன்பே போய் முக்காலியை நட்டேன். அவரும் வந்தார். மோட்டார் கொட்டகை பல்பை அணைக்கச் சொன்னேன், அணைத்தார். மடையிலிருந்து தண்ணீர் சொட்டி அலை விழுகிறது என்றேன். சேற்றை அள்ளி அடைத்தார். இருட்டியதும் தேள் தென்கிழக்கே மேலேறி நின்றது, தெற்கே சிலுவை ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது, வயலுக்குள்ளும் அதே மாதிரி. அப்படி ஒரு அமைதியை அந்த இடத்தில் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. படத்தில் ஓர் ஆள் நின்றால் வானத்தின் அளவு தெரியும் என்று தோன்றியது. அவரை எதிர் வரப்பில் போய் நிற்கச் சொன்னேன்.

"கையத் தொங்க விட்டுக்கிட்டு நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க."

இருபது வினாடி நின்றார். பிறகு இன்னொரு இருபது வினாடி. அப்படிப் பல தடவை. கொசு கடித்திருக்கும். அசையவில்லை.

நான் கேட்டது சில நாள்தான். ஆனால் நடவு ஆட்கள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். புதன்கிழமை முறை தவறியதும் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து இன்னோர் ஊர். அவர்கள் திரும்பி வருவதற்குள் நாற்று முற்றிவிட்டது. மெஷின் நடவுக்கும் அந்த நாற்று ஆகாது. கடைசியில் ஆள் கிடைத்த அன்று காலை எனக்கு ஃபோன் செய்து, இன்னைக்கு நாள் எப்படி சார் என்று கேட்டார். நல்ல நாள்தான் என்றேன். வயலின் வடகிழக்கு மூலையில் முதல் முடி நாற்றைத் தன் கையாலேயே நட்டார். நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

முற்றிய நாற்று பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டவில்லை. அதுகூடப் பரவாயில்லை, ஏதோ கொஞ்சம் கண்டிருக்கும். புரட்டாசிக் கடைசியில் சுற்றிலும் எல்லாரும் அறுத்துவிட்டார்கள். இவர் வயல் மட்டும் இன்னும் பழுக்காமல் நின்றது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நான் குடையோடு போனபோது நாலு பக்கமும் அறுத்த தாள். நடுவில் ஒரே ஒரு வயல் படுத்துக் கிடந்தது. தண்ணீருக்குள் கிடந்த கதிரில் நெல் முளைத்து வெள்ளையாக வேர் விட்டிருந்தது. அவர் ஒரு கதிரை எடுத்து என்னிடம் காட்டினார். நான் சொல்ல வாய் திறந்தேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். திறந்தேனா என்று நிச்சயமில்லை.

"நாள் நல்ல நாள்தான் சார்," என்றார். "கை சரியில்ல. நட்டது என் கைதானே."

அந்த வருஷத்துக் குத்தகை வேண்டாம் என்று சொன்னேன். அவர் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரில் என்னைப் பற்றி நல்லதாகப் பேசினார்கள். பொய்யைவிட அதுதான் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் பெருந்தன்மையைக் கொண்டுபோய் வைத்தேன். தைக்குள் அவர் நிலத்தை விட்டுவிட்டுப் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டிக்கு மட்டை உரிக்கப் போனார். காலையில் பஸ்ஸில் போய் இரவு திரும்புவார். கடைத்தெருவில் மிராசுதாரே என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

படம் நன்றாக வந்திருந்தது. நான் இதுவரை எடுத்ததில் அதுதான் சிறந்தது. வானம் பார்க்கிற நண்பர்கள் தங்கள் மாதக் காலண்டரில் ஜூலை பக்கத்துக்கு அதைப் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் முதலில் சிலுவையைப் பார்ப்பார்கள், பிறகு தண்ணீரைப் பார்ப்பார்கள், பிறகு அந்த ஆள் யார் என்று கேட்பார்கள். வயல்காரர் என்பேன். தன் வயலுக்கு முன்னால் எவ்வளவு நிம்மதியாக நிற்கிறார் என்பார்கள். ஹாலில் மாட்டியிருந்தேன், பிறகு புத்தக அறைக்கு மாற்றினேன், பிறகு பீரோவின் பின்னால் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்த பிறகுதான் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

வயலுக்குப் போவதை நிறுத்தவில்லை. நிலத்தை வேறொருவர் மெஷின் வைத்துப் பயிர் செய்தார். பங்குனியில் கரீனாவை எடுக்கும்போதும், சித்திரையில் எதை எடுக்கும்போதும், எதிர் வரப்பில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். அங்கே ஒன்றும் கிடையாது. பூவரசு ஒன்று உண்டு, அதுவும் தள்ளி. இருந்தாலும் ஷட்டர் திறந்திருக்கும் இருபது வினாடியும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மூடியதும் அங்கிருந்து யாராவது, போகலாமா சார் என்று கேட்பார்களோ என்று இருக்கும். ஆண்டுத் திட்டத்தில் ஆனிக்கு நேராக எதுவும் எழுதுவதில்லை.

எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு, இனிமேலும் இதை மனதில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பட்டுக்கோட்டைக்குப் போனேன். மண்டி முதலாளி கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த பாய். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து தேங்காய் வியாபாரம் ஆரம்பித்தவர். நான் யார் என்று சொன்னதும் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நான் தேடி வந்தவர் நல்ல வேலைக்காரர், ஒரே ஒரு கிறுக்குதான் என்றார். "லோடு வந்தா முதல் காய மட்டும் உரிக்க மாட்டாருங்க. பக்கத்து ஆள்கிட்ட தள்ளிவிட்டுடுவாரு. நானும் பிஸ்மி சொல்லிட்டு உரிங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன், ம்ஹூம். புதுக் கத்தி வாங்கினாக்கூடத் தொடமாட்டாரு. மக கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடச் சொன்னாங்க, மச்சான நட வச்சிட்டு இவரு தூர நின்னாராம்." சொல்லிச் சிரித்தார். என் டீ ஆறிப்போனது.

நான் நினைத்துக்கொண்டு போனது ஒரு வயலைப் பற்றி. இது எனக்குத் தெரியாது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மட்டைக் குவியலுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தோம். உடம்பு எப்படி இருக்கிறது, கார் ஓட்டலாமா என்றெல்லாம் விசாரித்தார். நான் சொல்லிவிட்டேன்.

"நாள் எதுவும் நான் பாக்கல. எனக்குப் பாக்கவும் தெரியாது. படம் எடுக்கத் தண்ணி வேணும்னு நடவத் தள்ளிப்போடச் சொன்னேன். உங்க கையில ஒண்ணுமில்ல. பொய் சொன்னது நான்."

அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது.

"எனக்கு ஆறுதல் சொல்லணும்னு உங்க பேர நீங்களே கெடுத்துக்காதீங்க சார். நீங்க பொய் சொல்ற ஆளா?"

படத்தைப் பற்றிச் சொன்னேன், காற்றைப் பற்றிச் சொன்னேன், எத்தனை வருஷம் அதற்குத் திட்டம் போட்டேன் என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்கிற மாதிரி. லாரி வந்து ஹாரன் அடித்தது. "அன்னைக்கு நீங்க குத்தகைய விட்டுக் குடுத்தத மறப்பேனா சார்," என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் மண்டி ஆள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"தெரியும் சார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து, சார் என்னை வச்சுப் படம் எடுத்தாருன்னு சந்தோஷமா சொன்னாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொன்னேன். நம்பல."

ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நிலத்த விட்டு எறக்கிடுவீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலத்தைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். புருஷன் பேரில் வேண்டாம், அவர் வாங்க மாட்டார், என் பேரில் கொடுங்கள் என்றார். அந்தப் போகம் முடிந்ததும் பயிர் செய்துகொண்டிருந்தவரிடம் பேசி முடித்து, தாலுக்கா அலுவலகத்தில் குத்தகைப் பதிவேட்டில் அந்த அம்மாள் பெயரை ஏற்றினேன். நான் போன பிறகும் யாரும் இறக்கிவிட முடியாது. இதுதான் என்னால் முடிந்த பரிகாரம். ஆனால் என் மனதில் இன்னொன்றும் இருந்தது. அவர் கையால் ஒரே ஒரு முடி நாற்று நடவைக்க வேண்டும், அது விளைய வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும்.

போன வருஷம் ஆனியில் வயல் தயாரானது. எந்த நாள் என்று அந்த அம்மாள் என்னைக் கேட்கவில்லை. ஆள் கிடைத்த நாளில் நடவு. அமாவாசைக்கு முந்தின வாரம், காற்றே இல்லை, முந்தின சாயங்காலம் சிலுவை தண்ணீரில் விழுந்திருக்கும். நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. காலையில் போனேன். அவரும் மண்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வரப்பில் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்தபடி.

முதல் நாற்று முடியை எடுத்து அவரிடம் நீட்டினேன். எங்களைத்தான் நடவுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாங்கிக்கங்க மாமா, பேராசிரியரே குடுக்குறாரு," என்று ஒருத்தி கேலி செய்தாள். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"வேணாம் சார். நல்லா வந்திருக்கிற வயல்."

நான் கையை மடக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. அவர் மனைவி சேற்றிலிருந்து ஏறி வந்து என் கையிலிருந்து முடியை வாங்கிக்கொண்டார். "வெயில் ஏறுது சார், விடுங்க," என்று சொல்லிவிட்டு, வடகிழக்கு மூலையில் குனிந்து நட்டார்.

பயிர் அருமையாக வந்தது. இளநாற்று, கச்சிதமான நேரம், பூச்சி இல்லை. புரட்டாசி முடிவதற்குள் அறுத்துக் காய வைத்து மூட்டை பிடித்துவிட்டார்கள். அறுப்பு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் மழை. மூட்டை ஏற்றுகிற அன்று நானும் போயிருந்தேன். அவர் வரப்பில், அதே இடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கு எதையோ நிரூபித்துவிட்ட சந்தோஷம் அதில் இருந்தது.

"பாத்தீங்களா சார்? நான் சொன்னேன்ல. அவ கை நல்ல கை."

சொல்ல வேண்டியதை மண்டியிலேயே சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பீரோவின் பின்னாலிருந்து படத்தை எடுத்துத் துடைத்து மறுபடி ஹாலில் மாட்டினேன். சாப்பிடும்போது எதிரே தெரிகிறது. அதில் அவர் கையைப் பின்னால் கட்டியிருக்கவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்குகின்றன. அசையாதீங்க என்று நான்தான் சொன்னேன்.